‘என்ன ஆகுமோ’ ஓயவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஓயாத கவலையைப் பற்றிய இந்தக் குறிப்பை முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு எது தொந்தரவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் காசில்லாமல் வீட்டிலேயே பார்க்கக்கூடியது முதலில் இருக்கும். ரத்தப் பரிசோதனை, டாக்டர் எல்லாம் பின்னால் வரும்.

நீலகிரியில் கோத்தகிரி பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தடுப்பூசி போடப் போனாலும் பிரஷர் பார்க்கப் போனாலும், வந்த வேலை முடிந்து பையை எடுக்கும் நேரத்தில்தான் அந்தப் பேச்சு வரும்: "சிஸ்டர், மனசு ஓயவே மாட்டேங்குது." இப்போதும் வீட்டுக்கு வந்து கேட்கிறார்கள். ஆள் மாறும், ஊர் மாறும், பழுது மட்டும் அதேதான். எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்ற வரிசை அப்படித்தான் எனக்குப் படிந்தது.

"கவலைப்படாதே, அதையே நினைக்காதே" என்ற அறிவுரை கீழே எந்தத் தலைப்பிலும் வராது. அது வேலை செய்வதில்லை. 1987-ல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவர்களிடம், ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், மீறி நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்று சொல்லிப் பார்த்தார். மணி சத்தம் ஓயவில்லை. எங்கள் ஊரில் கரடி சாயங்காலம் தெருவிலேயே நடக்கிறது. எங்களைப் போய் நினைக்காதே என்றால்?

ஆகவே கவலையை விரட்ட வேண்டாம், திருப்பி எழுதுங்கள். ‘ஆகுமோ?’ என்று முடிகிற வரியை ‘ஆனால் என்ன செய்வேன்? எப்போது? யாரைக் கேட்பேன்?’ என்று மாற்றுங்கள். பதில் வந்தால் அது வேலை, நாள் குறித்துவிடலாம். பதில் வராவிட்டால் அது இப்போதைக்கு உங்கள் கையில் இல்லாத சங்கதி. அதற்கும் ஒரு நேரம் உண்டு, இரண்டாம் அறிகுறியில் சொல்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் போதும். போனில் எழுதாதீர்கள். எழுதப் போன விரல் வாட்ஸ்அப்புக்குப் போய்விடும்.

அறிகுறி 1: நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது

மார்பின் நடுவில் அழுத்தம் அல்லது கனம், கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவற்றில் ஏதாவது படபடப்போடு சேர்ந்து வந்தால் மேற்கொண்டு படிக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மலையில் ஆம்புலன்ஸ் வந்து சேரவே நேரம் பிடிக்கும். "கேஸா இருக்கும், காலைல பாத்துக்கலாம்" என்று காத்திருக்கும் அவகாசம் நமக்குக் கிடையாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் பெரிய வலி இல்லாமல், மூச்சு வாங்கலும் அசதியுமாக மட்டும்கூட மாரடைப்பு வரலாம்.

அது இல்லை என்றால், இந்த வரிசையில் பாருங்கள்.

டீயை எண்ணுங்கள். தேயிலை விளையும் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் டீ, கடையில் நின்றால் டீ, குளிருக்கு ஒரு டீ. டம்ளர் சின்னது என்பதால் கணக்கில் வருவதே இல்லை. ஒரு நாள் முழுக்கக் குடித்ததை நோட்டில் கோடு போட்டு எண்ணிப் பாருங்கள். நிறைய இருந்தால் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், தலைவலி பிடித்து ஆட்டும். இரண்டு நாளைக்கு ஒரு டம்ளர் வீதம் குறையுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே கை நடுக்கம் அடங்கிவிடுகிறது என்று நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். குறைத்துப் பார்த்தவர்கள் நம்புவார்கள்.

கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? காலையில் வெறும் டீயோடு கொழுந்து பறிக்கப் போய், பதினோரு மணிக்குக் கண் இருட்டினால் அது பசி. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதியுங்கள். 70-க்குக் கீழே அடிக்கடி இறங்கினால் மாத்திரை அளவை டாக்டர் மாற்ற வேண்டும்.

புதிதாக ஏதாவது மருந்து? ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சால்பூட்டமால் இன்ஹேலர் நெஞ்சைப் படபடக்க வைக்கும், கையையும் நடுங்க வைக்கும். மூக்கடைப்புக்குக் கடையில் வாங்கும் சில சளி மாத்திரைகளும் அப்படித்தான்.

அறையில் கரி அடுப்பு வைத்தீர்களா? டிசம்பர், ஜனவரி உறைபனியில் ஜன்னலை அடைத்துவிட்டு இரும்புச் சட்டியில் கரி போட்டுப் படுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. காலையில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், படபடப்பு என்று எழுந்தால், அதுவும் அந்த அறையில் படுத்த எல்லோருக்கும் இருந்தால், மனசைக் குற்றம் சொல்லாதீர்கள். அது கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது, ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். உடனே வெளிக்காற்றுக்கு வாருங்கள், 108-க்குச் சொல்லுங்கள். இனி அந்தச் சட்டியைப் படுக்கும் அறைக்குள் கொண்டுபோகவே கூடாது.

இதெல்லாம் இல்லையா? சரி, ரத்தம் பாருங்கள். ரத்தசோகையும் தைராய்டு அதிகமாகச் சுரப்பதும் படபடப்பாகத் தெரியலாம். ஹீமோகுளோபின் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள். சாப்பிட்டும் எடை குறைகிறது, குளிரிலும் வியர்க்கிறது என்றால் தைராய்டையும் கேட்டுப் பாருங்கள்.

எல்லாம் சரி என்று வந்தும் திடீர் திடீரென்று பயம் குப்பென்று ஏறி, ‘செத்துப்போய்விடுவேன்’ என்ற எண்ணம் வருகிறதா? இதைத்தான் பேனிக் அட்டாக் என்கிறார்கள். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போகும், அப்புறம் தானாக இறங்கும். அதை நிறுத்தப் பார்க்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். மூக்கால் இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து வாயால் விடுங்கள். வந்த இடத்தை விட்டு ஓடாதீர்கள். பஸ்ஸில் வந்தது என்று பஸ்ஸை விட்டால், அடுத்து சந்தை, அதற்கடுத்து கோயில் என்று ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். முதல் தடவை வந்தபோது ஒரு ஈசிஜி எடுத்துவிடுவது நல்லது. ஒவ்வொரு தடவையும் எடுக்க ஆரம்பித்தால் அதுவே இன்னொரு கவலை.

அறிகுறி 2: நடு ராத்திரி விழிப்பு வந்து, யோசனை சுற்றுகிறது

என்னிடம் அதிகம் வந்தது இதுதான்.

முதலில் மணிக்கணக்கு. எட்டு மணிக்குக் குளிர் தாங்காமல் கம்பளிக்குள் புகுந்தவருக்கு மூன்று மணிக்கு ஏழு மணி நேரத் தூக்கம் முடிந்துவிடும். விழிப்பது இயற்கை. விழித்த பிறகு இருட்டில் செய்ய வேறு வேலை இல்லாததால் மனசு கவலையைத் தேடி எடுத்துக்கொள்கிறது. பத்து, பத்தரைக்கு முன் படுக்காமல் ஒரு வாரம் இருந்து பாருங்கள். "அவ்வளவு நேரம் என்ன பண்றது சிஸ்டர்?" என்பார்கள். அடுத்த நாளுக்கு அவரைக்காய் ஆயலாம், ரேடியோ கேட்கலாம், எதுவும் செய்யாமல் அடுப்படியில் உட்காரலாம். படுக்கையில் மட்டும் வேண்டாம்.

அடுத்தது சாயங்கால டீ, காபி. அதிலுள்ள கஃபீன் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணி டீயில் பாதி பதினோரு மணிக்கும் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கும். பிற்பகல் மூன்றுக்கு மேல் வேண்டாம்.

வீட்டில் குடிப்பவர் இருந்தால்: குடித்தால் தூக்கம் சீக்கிரம் வரும், பின்னிரவில் கலைந்துவிடும். ‘தூக்கத்துக்காகக் குடிக்கிறேன்’ என்பவருக்குத்தான் மூன்று மணி விழிப்பு தவறாமல் வருகிறது. சிறுநீர் கழிக்க இரண்டு மூன்று தடவை எழுந்தால் சர்க்கரையைப் பாருங்கள், ஐம்பதைத் தாண்டிய ஆண் என்றால் பிராஸ்டேட்டையும் பாருங்கள். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இவை எதுவும் இல்லை, யோசனைதான் எழுப்புகிறது என்றால் இப்போது அந்த நேரத்தைச் சொல்கிறேன்.

கவலை நேரம். தினமும் அரை மணி, ஒரே நேரம், ஒரே இடம். இலையை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்து, ராத்திரி சமையலைத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு இடைவெளி இருக்குமே, அது நல்ல நேரம். கட்டிலும் வேண்டாம், சாப்பிடும் இடமும் வேண்டாம். திண்ணையோ, ஒரு நாற்காலியோ போதும். பகலில் எப்போது கவலை வந்தாலும் நோட்டில் ஒரே வரி எழுதி, ‘அஞ்சரைக்குப் பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டுக் கையிலிருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். அஞ்சரைக்கு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் திருப்பி எழுதுங்கள். சில வரிகள் காலையில் மலையாகத் தெரிந்தவை, இப்போது வெறும் மையாக இருக்கும். அடித்துவிடுங்கள். சிலவற்றுக்கு வேலை கிடைக்கும். மிச்சத்தை நாளைக்கு அதே நேரத்துக்குத் தள்ளுங்கள். அரை மணி முடிந்தால் நோட்டை மூடிவிட வேண்டும், பாதி வரியில் இருந்தாலும் சரி. 1983-ல் தாமஸ் போர்கோவெக் என்பவரும் அவருடைய சகாக்களும் சோதித்துப் பார்த்து எழுதிய முறை இது. மனநல ஆலோசகர்கள் இன்றும் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

முதல் சில நாள் சிரிப்பாக இருக்கும். கவலைப்பட டைம் போட்டு உட்காருவதா என்று வீட்டில் கேலி செய்வார்கள். இரண்டு வாரம் விடாமல் செய்துவிட்டு அப்புறம் முடிவு சொல்லுங்கள்.

இதையும் மீறி ராத்திரி விழித்தால் மணியைப் பார்க்காதீர்கள். இருபது நிமிடம்போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்துவிட வேண்டும். சமவெளிக்காரர்களுக்கு இது சுலபம், ஊட்டிக் குளிரில் கம்பளியை விட்டு யார் எழுவார்? அதனால் படுக்கும்போதே ஸ்வெட்டர், சாக்ஸ், ஒரு சால்வையை நாற்காலியில் போட்டு வைத்துவிடுங்கள். மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து, சுவாரஸ்யம் இல்லாத எதையாவது படியுங்கள். தூக்கம் கண்ணைச் சொக்கும்போது திரும்பப் படுங்கள். புதிய கவலை வந்தால் நோட்டில் ஒரு வரி, அவ்வளவுதான். ராத்திரியில் எதையும் தீர்க்காதீர்கள். மூன்று மணிக்கு எடுத்த முடிவுகளை எட்டு மணிக்குப் படித்துப் பாருங்கள், தெரியும்.

விடியற்காலையில் விழிப்பு, பிடித்த எதிலும் விருப்பமின்மை, சாப்பாடு இறங்காதது, ‘நான் எதற்கும் உதவாதவள்’ என்ற எண்ணம் ஆகியவை சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் இது கவலையைத் தாண்டிய மனச்சோர்வு. நோட்டு போதாது, கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி 3: மழைச் சத்தம் கேட்டாலே உட்கார்ந்துகொள்கிறேன்

இந்தப் பயத்தைச் சிரித்து ஒதுக்கும் தகுதி எனக்கு இல்லை, மலையில் யாருக்குமே இல்லை. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் மண்ணுக்குள் போனார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2024 ஜூலை 30-ல் வயநாட்டில் நடந்த நிலச்சரிவுக்குப் பிறகு, எல்லைக்கு இந்தப் பக்கம் கூடலூர், பந்தலூரில் தூக்கத்தைத் தொலைத்தவர்கள் ஏராளம். ஆகவே இங்கே கிளை இரண்டு. உண்மையில் அபாயமா என்று பாருங்கள், அப்புறம்தான் மனசு.

பகல் வெளிச்சத்தில் வீட்டைச் சுற்றி நடங்கள். நிலத்திலோ சுவரிலோ புதிய விரிசல் இருக்கிறதா? மரமோ கம்பமோ வேலியோ சாய்ந்திருக்கிறதா? தெளிந்து வந்த ஊற்று கலங்கி வருகிறதா, இதுவரை இல்லாத இடத்தில் தண்ணீர் கசிகிறதா? நேற்றுவரை சரியாக மூடிய கதவு இன்று சிக்குகிறதா? வீட்டுக்கு மேலே சரிவை வெட்டியிருக்கிறார்களா?

ஒன்றாவது ஆம் என்றால்: கவலைப்படுவது நியாயம், வீட்டில் இருப்பதுதான் தவறு. மழை வலுக்குமுன் கிளம்புங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077. கிராம நிர்வாக அலுவலரிடமும் சொல்லுங்கள். மண் உறுமும் சத்தம் கேட்டால் பொருள் எடுக்க நிற்காதீர்கள், சரிவின் பாதையிலிருந்து பக்கவாட்டில் விலகி ஓடுங்கள்.

ஒன்றும் இல்லை என்றால்: முடிவைப் பகலிலேயே எடுத்து வையுங்கள். எதைப் பார்த்தால் கிளம்புவோம், யார் வீட்டுக்கு அல்லது எந்தப் பள்ளிக்கூடத்துக்கு, பாட்டியை யார் தூக்குவது, மாட்டை யார் அவிழ்ப்பது என்று நான்கு வரி. ஒரு பையில் ரேஷன் கார்டு, ஆதார், பட்டா நகல், மாத்திரை, டார்ச், கொஞ்சம் பணம். பை கதவோரம் இருக்கட்டும். கூடலூர், அவலாஞ்சிப் பக்கத்துக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை, குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தப் பை அங்கேயே இருக்கலாம். ராத்திரி மழை பிடித்தால் இனிமேல் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: ‘நாம் எழுதி வைத்தது எதுவாவது நடந்திருக்கிறதா?’ இல்லை என்றால் படுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் பழைய நிலச்சரிவு வீடியோவைப் பார்க்காதீர்கள். யார் அனுப்பினாலும் சரி, மச்சான் அனுப்பினாலும் சரி.

விலங்குக்கும் இதே முறைதான். விடியுமுன் பஸ் ஸ்டாப்புக்குப் போகும் பிள்ளையைக் காட்டெருமை முட்டிவிடுமோ என்று சமையலறையில் நின்று நடுங்குவதைவிட, டார்ச்சும் துணைக்கு இரண்டு பிள்ளைகளும், தேயிலைக்குள் போகும் குறுக்குப் பாதைக்குப் பதில் ரோட்டு வழியும் என்று ஏற்பாடு செய்யலாம். யானை நடமாடும் ஊரில் வனத்துறையின் எச்சரிக்கை வந்த அன்றைக்கு லீவு போட வைத்தாலும் ஒன்றும் குடி முழுகாது.

அறிகுறி 4: போன் எடுக்கவில்லை என்றால் உயிரே போகிறது

மகன் மேட்டுப்பாளையத்திலிருந்து பைக்கில் ஏறினான். ஆறு மணிக்கு வர வேண்டியவன் ஆறேகாலுக்கும் வரவில்லை. பதினைந்து தடவை போன். ஒவ்வொரு தடவையும் ஒரு பெரிய விபத்து கண்ணில் ஓடுகிறது.

முதலில் போன் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்றால் மலைப்பாதையில் இருக்கிறான். குஞ்சப்பனை, பர்லியாறு வளைவுகளில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். மணி அடித்தும் எடுக்கவில்லை என்றால் ஓட்டிக்கொண்டிருக்கிறான். கொண்டை ஊசி வளைவில் பிள்ளை போனை எடுக்கவில்லை என்பது நல்ல சேதி. எடுத்தால்தான் நீங்கள் பயப்பட வேண்டும். பதினைந்து தடவை கூப்பிட்டு அவனை எடுக்க வைக்காதீர்கள்.

அடுத்து, தாமதத்துக்குச் சாதாரணக் காரணம் உண்டா? ஏப்ரல், மே என்றால் சுற்றுலா வண்டிகள். மழை என்றால் மரம் விழுந்திருக்கும். மூடுபனி என்றால் எல்லோருமே ஊர்ந்துதான் வருவார்கள். மைசூரிலிருந்து வருபவர் என்றால் பந்திப்பூர் காட்டு வழி இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். ஒன்பதுக்குள் கேட்டைப் பிடிக்க முடியாதவர் குண்டல்பேட்டையில் தங்கிவிட்டுக் காலையில்தான் வருவார். இது தெரியாமல் ராத்திரி முழுக்க அழுதவர்களை எனக்குத் தெரியும்.

நிரந்தரமான வழி, பயணத்துக்கு முந்தின நாள் ஒரு ஒப்பந்தம். கிளம்பும்போது ஒரு கால், செக்போஸ்டில் நின்றால் ஒரு மெசேஜ், வந்து சேர்ந்ததும் ஒரு கால். நடுவில் இரண்டு பக்கமும் கூப்பிடுவதில்லை. வர வேண்டிய நேரத்தோடு ஒரு மணி நேரம் சேர்த்து அதை ‘விசாரிக்கும் நேரம்’ என்று நோட்டில் எழுதுங்கள். அதுவரை கை ஏதாவது வேலை செய்யட்டும். அந்த நேரம் தாண்டினால் உட்கார்ந்து நடுங்காமல் விசாரியுங்கள்: கூட வந்தவர், பஸ் என்றால் டிப்போ, வழியில் கடை வைத்திருக்கும் சொந்தக்காரர், அதற்கு மேல் அவசர உதவி எண் 112.

ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் ஒரு நிமிட நிம்மதி கிடைக்கும், அடுத்த தடவைக்கான அரிப்பு கூடும். அதனால்தான் எண்ணிக்கையைக் குறைத்தே ஆக வேண்டும். இன்று பதினைந்து என்றால் அடுத்த தடவை ஐந்து. கல்யாணமாகிக் கோவையில் இருக்கும் மகளுக்குக் காலை, மதியம், ராத்திரி என்று போன் போடும் அம்மாக்களுக்கும் இதே மருந்துதான். அவளும் ஒரு நாள் எடுக்காமல் விட்டுவிடுவாள், அப்புறம் அதுவும் ஒரு கவலை.

அறிகுறி 5: பணத்தை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது

பச்சைத் தேயிலை விலை விழுந்த மாதத்தில் வரும் பிரஷர் ரீடிங் எனக்கு நன்றாகத் தெரியும்.

முதல் சோதனை: மொத்தக் கடன் எவ்வளவு என்று சட்டென்று சொல்ல முடிகிறதா? "அது இருக்கு சிஸ்டர், நெறைய" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். நிறைய என்பது ஒரு தொகை இல்லை. யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதுங்கள். ஒருவருக்குத் தெரியாத கடன் இன்னொருவர் மனசில்தான் ராத்திரி முழுக்க ஓடுகிறது. எழுதிய அன்றைக்கு வயிறு இன்னும் கலங்கும். மறுநாள் கொஞ்சம் அடங்கும், ஏனென்றால் இனி அதற்கு ஓர் எல்லை இருக்கிறது.

இரண்டாவது, பிரியுங்கள். ‘அடுத்த மாதம் விலை இன்னும் விழுமோ’ என்பது குன்னூர் தேயிலை ஏலத்தில் முடிவாவது. அது கவலை நேரத்துக்கு. ‘விழுந்தால் எந்தச் செலவை நிறுத்துவேன்’ என்பது உங்கள் வேலை. கவாத்து வெட்டப் போகும் தோட்டம் என்றால் சில மாதம் இலை வராது என்பது முன்பே தெரியும். மொத்தத் தோட்டத்தையும் ஒரே வருடத்தில் வெட்டாமல் பாதி பாதியாக வெட்ட முடியுமா என்று கேட்கலாம். கேரட்டோ பீன்ஸோ போடும் இடம் இருக்கிறதா என்று பார்க்கலாம். நாளைக் காலை பத்து மணிக்குள் செய்யக்கூடிய ஒன்றையாவது எழுதாமல் எழுந்திருக்காதீர்கள். ஒரே ஒரு போன்கூடப் போதும்.

கல்லூரிக் கட்டணம்தான் கவலை என்றால் விசாரிக்காமல் விட்ட கதவுகள் நிறைய இருக்கும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் தொழிற்படிப்புக் கலந்தாய்வில் கட்டணச் சலுகை உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். வங்கிக் கல்விக் கடனில் 4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. இவற்றைக் கேட்டு எழுதுவதே இரண்டு மூன்று நாள் வேலை. அந்த நாட்களில் ‘என்ன ஆகுமோ’வுக்கு நேரம் கிடைக்காது.

கடைசியும் கஷ்டமானதும் கந்துவட்டி. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், வீட்டு வாசலில் மிரட்டல் என்று போய்விட்டால் யோசித்துத் தீராது. இலவசச் சட்ட உதவிக்கு 15100. மிரட்டினால் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள். கடன் நெருக்கும் வீட்டில் யாராவது ‘நான் இல்லாவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று பேச ஆரம்பித்தால் அதை வெறும் பேச்சாக எடுக்காதீர்கள். தனியாக விடாதீர்கள். தோட்டத்துக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்தை அன்றே வேறு வீட்டுக்கு மாற்றிப் பூட்டுங்கள். உடனே 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 6: முடிவெடுக்கவே முடியவில்லை, பத்துப் பேரைக் கேட்கிறேன்

பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள், அதற்குத்தானே கேட்கிறீர்கள். அந்த விஷயத்தில் அனுபவம் உள்ள இருவரை மட்டும் கேளுங்கள். முடிவு நாளைக் காலண்டரில் வட்டமிடுங்கள். திருப்பி மாற்றிக்கொள்ளக்கூடிய முடிவு என்றால் அன்றே எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகு பதினோராவது ஆளிடம் சொல்லாதீர்கள்.

‘இந்த நோய் எனக்கு இருக்குமோ’ என்று கூகுளில் தேடுவதும் இதன் தம்பிதான். ஒரு டாக்டர், ஒரு பரிசோதனை, அத்தோடு நிறுத்துவது. ரிப்போர்ட் சரியாக வந்த மறு வாரமே அதே பரிசோதனையை வேறு லேபில் எடுக்கத் தோன்றினால் அடுத்த பகுதியைப் படியுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

எதைப் பற்றி என்றே தெரியாமல் எல்லாவற்றைப் பற்றியும் கவலை, ஆறு மாதமாக அநேக நாட்களில், கூடவே தசை இறுக்கம், எரிச்சல், சோர்வு, தூக்கக் குறைவு என்றிருந்தால் அதற்கு மருத்துவம் இருக்கிறது. அதற்காக ஆறு மாதம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். மேலே சொன்னதை மூன்று நான்கு வாரம் செய்தும் மாற்றமில்லை என்றாலே போகலாம். வேலைக்குப் போக முடியவில்லை, தூங்கக் குடி வேண்டியிருக்கிறது, அக்கம்பக்கத்தில் யாரிடமோ வாங்கிய தூக்க மாத்திரை பழக்கமாகிவிட்டது என்றால் இந்த வாரமே போக வேண்டும். அந்த மாத்திரையைத் திடீரென்று நீங்களாக நிறுத்தவும் கூடாது, சில மாத்திரைகளை டாக்டர் படிப்படியாகத்தான் குறைப்பார். சாகும் எண்ணம் வந்தால் இன்றே.

முதலில் 14416. டெலி மனாஸ் என்ற அரசு சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. எந்நேரமும் பேசலாம், இலவசம், தமிழில் பேசுவார்கள். பஸ் ஏறி ஊட்டிக்குப் போக ஒரு நாள் கூலி போகுமே என்பவர்களுக்கு இது பெரிய உதவி. யாரும் பார்த்துவிடுவார்களோ என்று கூச்சப்படுபவர்களுக்கும்தான். நேரில் பார்க்க வேண்டும் என்றால் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று உங்கள் ஊர் செவிலியரிடம் கேளுங்கள்.

அங்கே போனால் மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்துவிடுவார்கள் என்று ஒரு பயம் இருக்கிறது. பேச்சு வழி சிகிச்சையிலேயே பலருக்குச் சரியாகிறது. எண்ணத்தைத் திருப்பி எழுதும் வேலையைத்தான் அங்கே முறையாகச் செய்வார்கள். மாத்திரை கொடுத்தால், பொதுவாகக் கொடுப்பவை வேலை காட்ட இரண்டு முதல் ஆறு வாரம்வரை ஆகும். நான்காம் நாள் ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று நிறுத்துபவர்கள்தான் ‘அந்த டாக்டர் சரியில்லை’ என்று ஊரெல்லாம் சொல்கிறவர்கள். சரியானதும் நிறுத்துவதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும் கொண்டு போங்கள், நாட்டு மருந்து உட்பட. வரிசையில் நின்று உள்ளே போனதும் சொல்ல நினைத்தது மறந்துவிடும். ஆகவே எப்போதிலிருந்து, தூக்கம் எத்தனை மணி, டீ எத்தனை, எந்த வேலை கெடுகிறது என்பதை ஒரு தாளில் எழுதி அப்படியே நீட்டிவிடுங்கள். வீட்டில் ஒருவர் கூட வந்தால் நல்லது, ஆனால் கொஞ்ச நேரம் அவரை வெளியே உட்காரச் சொல்லுங்கள்.